ஈயம், பித்தளை, பேரீச்சம்பழம்: பழங்களில் கன உலோகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று கூவிக்கொண்டு தெருவில் வண்டி தள்ளி வந்தவரை நாற்பதைத் தாண்டிய பலருக்கும் நினைவிருக்கும். அன்றைக்கு ஈயத்தைக் கொடுத்துப் பழத்தை வாங்கினோம். இன்றைக்குப் பழத்துக்குள்ளேயே ஈயம் இருக்கிறதாமே என்று வாட்ஸ்அப் செய்தியைக் காட்டிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கன உலோகம் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

பழங்களைப் பொறுத்தவரை காரீயம், காட்மியம், ஆர்சனிக் மூன்றும்தான் முக்கியம். ஆர்சனிக் (நம் பழைய வைத்திய ஏடுகளின் பாஷாணம்) வேதியியல் கணக்கில் முழு உலோகம் இல்லை. ஆனாலும் நச்சு என்று வரும்போது சேர்த்தே பேசுவது வழக்கம். பாதரசம் மீனில் கவலைப்பட வேண்டிய விஷயம், பழத்தில் அவ்வளவாக இல்லை.

ஒரு சொல் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். தமிழில் ஈயம் என்றால் இரண்டு உலோகங்கள். வெள்ளீயம் (டின்) ஒன்று, காரீயம் (லெட்) ஒன்று. முதலாவது பெரிதாகக் கெடுதல் செய்யாது. இரண்டாவது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பேச்சில் இரண்டுமே ஈயம்தான். இந்தக் குழப்பம் பின்னால் ரசம் வரைக்கும் வரப்போகிறது.

மண்ணில் இருக்கும் உலோகம் பழத்துக்குள் எப்படிப் போகிறது?

வேர் வழியாகத்தான், ஆனால் எல்லாம் ஒரே மாதிரி போவதில்லை. காரீயம் மண் துகள்களோடு ஒட்டிக்கொள்ளும். செடி உறிஞ்சிய கொஞ்சமும் பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும். காட்மியம் அப்படிச் சும்மா இருக்காது. துத்தநாகத்தின் சாயலில் இருப்பதால் செடி ஏமாந்து உள்ளே விட்டுவிடுகிறது. பாஸ்பேட் உரங்கள் சிலவற்றில் இயற்கையாகவே காட்மியம் கலந்திருக்கும். புளிப்பு மண்ணில் அது இன்னும் சுலபமாகக் கரைந்து வேருக்குப் போகும்.

அப்படியும் உள்ளே போனதில் பெரும்பங்கு வேரிலும் இலையிலும் தங்கும், பழம் வரை வருவது குறைவு. அதனால்தான் ஒரே மண்ணில் விளைந்தாலும் கீரையையும் கிழங்கையும் விடப் பழத்தில் பொதுவாக உலோகம் குறைவாக இருக்கிறது. மரம் ஓரளவுக்கு நல்ல வடிகட்டி. கீழே வரப்போகும் கெட்ட கதைகளில் பெரும்பாலானவை பழம் மரத்தை விட்டு இறங்கிய பிறகு மனிதர் கையால் நடந்தவை.

எந்தப் பழத்தில் அதிகம்? ஒரு பட்டியல் கொடுங்களேன்.

கொடுக்க மாட்டேன். ஒரே ரகக் கொய்யா, ஓர் ஊரில் ஒரு மாதிரியும் பேட்டரி உடைக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் வேறு மாதிரியும் இருக்கும். பழத்தின் பெயரை வைத்துச் சொல்லும் பட்டியல்கள் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பொதுவாக வேண்டுமானால் இவ்வளவு சொல்லலாம். தடித்த தோலை உரித்து எறிந்துவிட்டுச் சாப்பிடும் வாழை, ஆரஞ்சு, பலா, மாதுளை இவற்றில் மேலே படிந்த தூசு தோலோடு போய்விடும். தரையோடு வளரும் ஸ்ட்ராபெர்ரி, தோலோடு வாயில் போடும் சின்னப் பழங்கள் இவற்றைக் கவனமாகக் கழுவ வேண்டும். உலர்ந்த பழத்தில் தண்ணீர் போய்விடுவதால் மற்ற எல்லாமே செறிவாகும். ஒரு கிலோ உலர் திராட்சைக்கு ஏறத்தாழ நான்கு கிலோ திராட்சை வேண்டும். சர்க்கரை எப்படி நான்கு மடங்காகிறதோ, உலோகம் இருந்தால் அதுவும் அப்படியே.

சரி, எவ்வளவு இருந்தால் அதிகம்?

சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் பெரும்பாலான பழங்களுக்குக் காரீயத்தின் உச்ச அளவாக ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. அதாவது 100 மைக்ரோகிராம். காட்மியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு வாழை, மா, பப்பாளி, அன்னாசி போன்றவற்றில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராம்.

இவை வியாபாரத்துக்கான எல்லைகள். இதற்குக் கீழே இருந்தால் முழுக்கப் பாதுகாப்பு என்று பொருள் இல்லை. காரீயத்துக்கு ஒரு காலத்தில் "வாரத்துக்கு இவ்வளவு வரை பரவாயில்லை" என்று ஓர் அளவு இருந்தது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 2010இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பதுதான் இப்போதைய நிலை. உணவு வழியாக ஒரு குழந்தைக்கு ஒரு நாளில் 2.2 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒப்பீட்டு அளவாக வைத்திருக்கிறது. இந்த 2.2ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிலுக்கு வேண்டும்.

அமெரிக்காவில் ஆப்பிள் கூழ் சாப்பிட்ட குழந்தைகளுக்கு என்ன ஆனது?

2023இல் வடக்குக் கரோலினாவில் சில குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் கூடுதலாக இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. இப்படித் தெரிந்தால் முதலில் பழைய சுவர்ப் பெயின்ட்டைத்தான் சந்தேகிப்பார்கள். இங்கே பொதுவாக இருந்தது ஒரு தின்பண்டம். வானாபானா என்ற பெயரில் வந்த, பட்டைத்தூள் சேர்த்த ஆப்பிள் கூழ். பையின் மூக்கைத் திறந்து குழந்தை தானே உறிஞ்சிக் குடிக்கும் வகை. ஈக்வடாரில் தயாரானது.

அதில் கிலோவுக்கு 2.18 மில்லிகிராம் காரீயம் இருந்தது. ஒரு பை சுமார் 70 கிராம். கணக்குப் போட்டால் ஒரே பையில் 150 மைக்ரோகிராம். மேலே சொன்ன 2.2க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏறத்தாழ 70 நாள் அளவை ஒரு குழந்தை ஐந்து நிமிடத்தில் உறிஞ்சியிருக்கிறது. சந்தேகத்துக்குரியவற்றையும் சேர்த்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது.

குற்றவாளி ஆப்பிள் இல்லை, பட்டைத்தூள். தொழிற்சாலையில் எடுத்த பட்டைத்தூளில் கிலோவுக்கு 5,110 மில்லிகிராம் வரை காரீயம் இருந்தது. கூடவே குரோமியமும் இருந்ததால் காரீயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறமியைக் கலந்திருக்க வேண்டும் என்பது ஊகம். நிறத்தையும் எடையையும் கூட்டிக் காசு பார்க்கும் பழைய வித்தைதான். பங்களாதேஷில் மஞ்சள் தூளிலும் இதே நிறமிதான் பிடிபட்டது.

இதில் நமக்குப் பக்கத்து ஊர்த் தொடர்பும் ஒன்று உண்டு. அந்தப் பட்டை இலங்கையில் விளைந்தது. அங்கே கறுவா என்பார்கள். அரைக்காத கறுவாப்பட்டையை எடுத்துச் சோதித்தபோது அதில் காரீயம் இல்லை. மண் தரவில்லை, மரம் தரவில்லை. பட்டை தூளாக மாறும் வழியில்தான் காரீயம் சேர்ந்தது. மண்ணைக் குறைசொல்லும் முன் இந்தச் சம்பவத்தை நினைத்துக்கொள்வேன்.

வாஷிங்டன் ஆப்பிள் என்று இங்கே விற்கிறார்களே, அதன் தோட்டத்து மண்ணில் விஷம் என்கிறார்களே?

மண்ணைப் பற்றிய செய்தி உண்மை. ஆப்பிளைத் துளைக்கும் புழுவை ஒழிக்க அமெரிக்க விவசாயிகள் டிடிடி வரும் வரை, அதாவது 1940களின் பிற்பகுதி வரை, காரீய ஆர்சனேட்டைத் தெளித்தார்கள். பெயரிலேயே காரீயமும் ஆர்சனிக்கும் இருக்கின்றன. 1890களில் மாசசூசெட்ஸில் காட்டு மரங்களைத் தின்னும் ஒரு பூச்சிக்காகத் தொடங்கியது, ஒரு தலைமுறைக்குள் ஆப்பிள் தோட்டங்களின் வழக்கமான மருந்தாகிவிட்டது. புழு பழகப் பழக மருந்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள்.

1920களின் நடுவில் அமெரிக்க ஆப்பிளின் தோலில் ஆர்சனிக் இருப்பதைப் பார்த்து பிரிட்டன் எதிர்ப்புத் தெரிவித்தது. அதன் பிறகு தோட்டக்காரர்கள் ஆப்பிளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி அனுப்பினார்கள். (அமிலத்தில் கழுவிய பழத்தை நம்பித்தான் நம் தாத்தா காலத்து லண்டன் சாப்பிட்டது.) காரீய ஆர்சனேட்டுக்கு அமெரிக்காவில் முழுத் தடை 1988இல்தான் வந்தது.

டிடிடி கூடக் காலப்போக்கில் சிதையும். உலோகம் சிதையாது. வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா, செலான் பகுதிகளில் பழைய தோட்டங்கள் இருந்த இடத்தில் வீடும் பள்ளியும் வந்துவிட்டன, மேல்மண்ணில் காரீயமும் ஆர்சனிக்கும் இன்னும் இருக்கின்றன. அங்கே கவலை எல்லாம் அந்த மண்ணில் விளையாடி விரலைச் சப்பும் குழந்தைகளைப் பற்றித்தான். மரம் அதை ஆப்பிளுக்குள் பெரிதாக ஏற்றுவதில்லை. ஆக, நம் கடைக்கு வரும் ஆப்பிளைக் கழுவிச் சாப்பிடலாம்.

பாக்கெட் ஆப்பிள் ஜூஸ்?

ஆர்சனிக் விவகாரத்தில் அதிகம் அடிபட்ட பானம் அது. 2011இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் இதழ் ஆப்பிள், திராட்சைச் சாறுகளில் 88 மாதிரிகளைச் சோதித்தது. அவற்றில் சுமார் பத்தில் ஒரு பங்கில், குடிநீருக்கான வரம்பான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டி ஆர்சனிக் இருந்தது. ஆப்பிள் சாற்றுக்கு அதே 10ஐ வரம்பாக இறுதி செய்ய அமெரிக்க அரசுக்கு 2023 ஜூன் வரை ஆனது.

ஒரு பாட்டிலுக்குள் பல தோட்டங்களின் செறிவூட்டிய சாறு கலந்திருக்கும், குழந்தைகள் தினமும் தம்ளர் தம்ளராகக் குடிப்பார்கள். அதுதான் சிக்கல். ஒரு வயது ஆகாத குழந்தைக்குப் பழச்சாறே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017இல் சொன்னது. சர்க்கரையும் பல்லும்தான் அதற்கு முக்கியக் காரணம், உலோகம் இல்லை. இருந்தாலும் இரண்டு கவலைக்கும் ஒரே மருந்து.

கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழத்தில் ஆர்சனிக் உண்டா?

கார்பைட் கல்லில் மிகச் சிறிய அளவில் ஆர்சனிக்கும் பாஸ்பரசும் கலந்திருக்கலாம். கடையில் ஈரம் பட்டதும் கிளம்பும் வாயுவோடு அவையும் வரும். இந்தியாவில் கார்பைட் வைத்துப் பழுக்க வைப்பதற்குத் தடை இருக்கிறது. கோயம்பேட்டில் சீசனுக்குச் சீசன் அதிகாரிகள் பறிமுதல் செய்வதும் நடக்கிறது. மாற்றாக எத்திலீன் வாயுவை 2016இலேயே அனுமதித்துவிட்டார்கள். பழம் பழுக்கும்போது தானே வெளியிடுகிற வாயு அது.

என் கருத்தில், மாம்பழம் சாப்பிடுபவரைவிடக் கல்லைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிப் பெட்டி பெட்டியாக அடுக்கும் தொழிலாளிக்குத்தான் ஆபத்து அதிகம். அவரைப் பற்றி எந்த வாட்ஸ்அப் செய்தியும் வருவதில்லை. மேலே ஒரே சீராக மஞ்சள், உள்ளே வெளிறிய காய், வாசனையே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். கழுவி, தோலைச் சீவிச் சாப்பிடுங்கள். இன்னும் நல்லது, சித்திரை பிறக்கும் வரை பொறுத்திருப்பது.

திராட்சையில் நீல வெள்ளையாகத் திட்டு இருக்கிறதே?

அது மயில்துத்தமாக (தாமிர சல்பேட்) இருக்கலாம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்ததுதான் போர்டோ கலவை. கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை போடுபவர்களைக் கேட்டால் அளவைத் தூக்கத்திலும் சொல்வார்கள்: ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர்.

இதன் பிறப்பே வேடிக்கை. பிரான்சில் போர்டோ பக்கம் வழிப்போக்கர்கள் திராட்சையைப் பறித்துத் தின்னாமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் இந்த நீலக் கலவையைப் பூசி வைத்திருந்தார்கள். பூசிய கொடிகளில் மட்டும் பூஞ்சை நோய் வராததைப் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். 1885இல் முறையை வெளியிட்டார். தாமிரம் உடலுக்குச் சிறிதளவு வேண்டிய சத்து, காரீயம் போன்றதல்ல. ஓடும் தண்ணீரில் நன்றாக அலசினால் போதும். லேசாக விரல் பட்டாலே கலையும் வெண்பொடி மட்டும் இருந்தால் அது பழத்தின் சொந்த மெழுகாகவும் இருக்கலாம்.

இயற்கை விவசாயப் பழம் என்றால் இந்தக் கவலை இல்லைதானே?

பூச்சிமருந்துக் கவலை குறையும். உலோகக் கவலை அப்படியே இருக்கும். மண்ணில் கிடக்கும் காட்மியத்துக்குச் சான்றிதழ் படிக்கத் தெரியாது. மேலே சொன்ன தாமிரக் கலவையும் இயற்கை விவசாயத்தில் அனுமதிக்கப்பட்டதுதான்.

டின்னில் வரும் அன்னாசி, பீச்?

முன்பு டப்பாவின் மூட்டைக் காரீயம் கலந்த பற்றாசு வைத்து ஒட்டினார்கள். அமெரிக்க நிறுவனங்கள் 1991இல் அதை நிறுத்தின, 1995இல் சட்டமே தடை செய்தது. இப்போது டின் பழத்தில் கரைவது வெள்ளீயம். கோடெக்ஸ் வரம்பு கிலோவுக்கு 250 மில்லிகிராம். அதிகமானால் வயிற்றைப் புரட்டும். திறந்த பிறகு காற்றுப் பட்டால் வெள்ளீயம் வேகமாகக் கரையும், அதனால் மிச்சத்தை டப்பாவோடு ஃபிரிட்ஜில் வைக்காமல் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

புளியும் தக்காளியும் பழம்தானே? ஈயச்சொம்பு ரசம் வைக்கலாமா?

நான் காத்திருந்த கேள்வி. ஈயச்சொம்பு என்பது வெள்ளீயச் சொம்பு. சுத்தமான வெள்ளீயம் என்றால் ரசத்தால் பயமில்லை. ஆனால் வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. இரண்டும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, இரண்டும் சுலபமாக உருகும், இரண்டுக்கும் ஒரே பெயர். கலப்படம் செய்பவனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதிலும் இதே கதைதான்.

புளி, தக்காளி, எலுமிச்சை மூன்றிலும் உள்ள அமிலம் காரீயத்தைக் கரைக்கும். சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். மெக்சிகோவில் புளி மிட்டாயை மெருகு பூசிய சின்ன மண் கலயங்களில் வைத்து விற்பார்கள். அந்த மெருகில் இருந்த காரீயம் புளியில் கரைந்து கலிஃபோர்னியக் குழந்தைகளின் ரத்தத்துக்குப் போனது. மிளகாய்த்தூளிலிருந்தும் கொஞ்சம் வந்தது. கலிஃபோர்னியா 2005இல் இதற்கென்றே சட்டம் போட்டது. புளியமரத்துக்கு இதில் சம்பந்தமே கிடையாது.

பாட்டி கொடுத்த சொம்பாக இருந்தாலும் என்ன உலோகம் என்று சோதித்துப் பார்க்காமல் அடுப்பில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். சொன்னதற்கு என் வீட்டிலேயே திட்டு வாங்கியிருக்கிறேன். "அந்த ருசி எவர்சில்வரில் வருமா?" என்றார் அம்மா. வராது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

சாலையோர நாவல் மரத்தின் பழம்?

காரீயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000த்தோடு முடிந்தது, ஆனால் அதற்கு முன் புகையோடு விழுந்தது சாலையோர மேல்மண்ணில் கிடக்கிறது. உதிர்ந்த நாவல்பழத்தில் மண் ஒட்டும். ஊதிவிட்டு வாயில் போடும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு தண்ணீரில் கழுவுங்கள்.

ராணிப்பேட்டைப் பக்கத்து மாம்பழத்தில் குரோமியம் வருமா?

அங்கே 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலையின் கழிவு மலையாகக் குவிந்தது உண்மை. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இலேயே தீர்ப்புச் சொன்னது. ஆனால் செடி உறிஞ்சும் குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். அந்த ஊர்க்காரர்களின் துயரம் கிணற்றுத் தண்ணீர். அதை விட்டுவிட்டு மாம்பழத்தைப் பற்றிப் பேசுவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

உப்பு, மஞ்சள், சோடா உப்பு போட்டுக் கழுவினால் உலோகம் போய்விடுமா?

தோலில் ஒட்டிய தூசு வெறும் தண்ணீரிலேயே தேய்த்தால் போகும். சதைக்குள் இருப்பது எதற்கும் போகாது. கடையில் நறுக்கி வைத்த கொய்யாவுக்குத் தூவும் மிளகாய்த்தூளையும், சுற்றித் தரும் அச்சுத்தாளையும் முதலில் கவனியுங்கள்.

வீட்டிலேயே சோதிக்கக் கருவி உண்டா?

பழத்துக்கு இல்லை. கிலோவில் சில மைக்ரோகிராமைப் பிடிக்க ஆய்வகத்தில் பெரிய கருவி வேண்டும். குழந்தையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் பழத்தை விட்டுவிட்டு ரத்தத்தைச் சோதிப்பதே உபயோகம். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பயமாக இருக்கிறது. குழந்தைக்குப் பழத்தைக் குறைத்துவிடட்டுமா?

குறைத்தால் எதிர்மாறாகப் போகும். வயிற்றுக்குள் போகும் காரீயத்தில் பெரியவர் உடல் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், சின்னக் குழந்தையின் உடல் பாதி வரை எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த குழந்தை இன்னும் அதிகமாக எடுத்துக்கொள்ளும். சாப்பாட்டில் உள்ள இரும்பு உடலில் சேர உதவுவது வைட்டமின் சி. கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் அது கொட்டிக்கிடக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும். எலும்பில் பல வருடமாகத் தங்கிய காரீயம் கர்ப்ப காலத்தில் கால்சியத்தோடு சேர்ந்து வெளியே வரும் என்பதால் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

காட்மியம் பற்றி அதிகம் சொல்லவில்லையே?

உணவில் காட்மியம் பெரும்பாலும் தானியத்திலிருந்தும் காய்கறியிலிருந்தும் வருகிறது, பழத்தின் பங்கு சிறியது. சிறுநீரகத்தில் சேர்ந்தால் பாதி குறையவே பத்து முதல் முப்பது வருடம் ஆகும். இதை என்னிடம் நேரில் கேட்டவர் பப்பாளியில் எவ்வளவு காட்மியம் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றார், கையில் சிகரெட்டோடு. புகையிலை இலை மண்ணிலிருந்து காட்மியத்தை அள்ளி எடுக்கும். புகைப்பவர் உடலில் மற்றவரைப் போல இரு மடங்கு வரை காட்மியம் இருக்கும். அதைச் சொன்னேன். "அது வேற விஷயம் சார், பப்பாளிக்கு வாங்க" என்றார்.